அயோத்தியாபட்டணத்தில் எத்தனை எழுத்து?

அஸ்தம்பட்டி, சேலம்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஏற்காட்டில் காபி பூத்துவிட்டதாக எழுதியிருந்தாய். இங்கே வெயில் இப்போதே தலையைச் சுடுகிறது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, உன்னை விசாரித்தார். நான் இன்னும் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளுக்குப் பில் போடும் மென்பொருள்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எஸ்டேட் கூலிப் பட்டியலில் பெயருக்கும் ஊருக்கும் எத்தனை எழுத்து விடலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் கம்ப்யூட்டர் எதை எண்ணுகிறது என்று பார்த்துவிடு. 'சேலம்' நமக்கு 3 எழுத்து. பைத்தான் மொழியில் நீளம் சொல்லும் லென் (len) போட்டால் 5 வரும், ஜாவாஸ்கிரிப்டிலும் அதேதான். எழுத்துக்கு எண் கொடுக்கும் முறையான யுனிகோடில் அகர உயிர்மெய் தவிர மற்ற உயிர்மெய்க்கும், புள்ளி வைத்த மெய்க்கும் தனி எண் இல்லை. ச, ஏகாரக் குறி, ல, ம, புள்ளி என ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் அந்த எண் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15 பைட். மூன்று விடையும் சரிதான். எண்ணப்படுவதுதான் வேறு வேறு.

போன மாதம் ஒரு ரசீது பார்த்தேன். ஊர் என்ற இடத்தில் 'அயோத்தியாபட்டணம' என்று இருந்தது. அந்தப் பெயரில் எழுத்து 10, யுனிகோட் எண் 16. யாரோ 15 போதும் என்று வைத்திருக்கிறார்கள், கடைசிப் புள்ளி விழுந்துவிட்டது. எனக்கு மனசே ஆறவில்லை. ஒருவர் தன் ஊரைச் சரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார், அதைப் பிழையாக அச்சடித்து அவர் கையிலேயே கொடுக்கிறோம். காபி பறிக்கிறவரின் பெயர் 'முருகன' என்று உன் பட்டியலில் வரக் கூடாது, மாப்ள. டேட்டாபேஸில் தாராளமாக 100 விடு. திரையிலோ ரசீதிலோ வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முழு எழுத்தாக வெட்டு. அப்படி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தர ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது, பைத்தானுக்கு ஓப்பன்-தமிழ் நிரல் தொகுப்பு இருக்கிறது. ஸ்விஃப்ட் மொழியில் கவுன்ட் கேட்டாலே 'சேலம்' 3 என்று வரும். எல்லா மொழியும் இப்படி இருந்திருக்கலாம் என்பது என் ஆசை.

அப்புறம், கொண்டலாம்பட்டி. அதிலுள்ள 'கொ'வை ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். ஒன்றில் 14 வரும், மற்றதில் 15. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேபோல இருக்கும், ஒன்றைப் போட்டுத் தேடினால் மற்றது கிடைக்காது. உள்ளே வாங்கும்போதே, இரண்டு குறியை ஒன்றாகச் சேர்த்துவிடும் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு மாற்றிவிடு, அந்தத் தொல்லை தீரும்.

கூலி போட்டதும் எஸ்எம்எஸ் அனுப்பப் போவதாகச் சொன்னாயே, அதற்கும் இதே கணக்குதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் 70தான், புள்ளியும் கொம்பும் அதில் தனித்தனி இடம் பிடிக்கும். 70ஐத் தாண்டினால் 67, 67 ஆகப் பிரியும், காசும் அதற்கேற்ப ஏறும். அதற்காகத் தமிழை விட்டுவிடாதே. வாசகத்தைச் சுருக்கு, பெயரையும் தொகையையும் முழுசாகப் போடு.

ஞாயிற்றுக்கிழமை மேலே வருகிறேன். அதற்குள் உன் டேட்டாபேஸில் எந்தெந்த நெடுவரிசை (column) நீளத்தைப் பைட்டில் அளக்கிறது என்று பார்த்து வை, உட்கார்ந்து சேர்ந்தே மாற்றிவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்