ஆறு வருசக் கிளைவியாவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்தில் நடந்த பூச்செடிக் காட்சியில் என் கிளைவியாவைப் பார்த்துவிட்டு, "இதையா மதுரையில வளக்குறீங்க?" என்று கேட்டவர்களிடம் பாதிக் கதைதான் சொல்ல முடிந்தது. மீதிக் கதை மற்றவர்களுடையது.

முதலில் கொடைக்கானல் அத்தை. தென்னாப்பிரிக்கக் காட்டு நிழலில் வளர்கிற செடி இது, குளிர்காலத்தில் சில வாரமாவது 10 டிகிரி பக்கம் குளிர் பட்டால்தான் பூந்தண்டு ஒழுங்காக எழும்பும். நம்ம ஊர் மார்கழிக் குளிர் அதற்குக் காணாது. தப்பித் தவறி மொட்டு வந்தாலும் இலைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். "கார்த்திகையில கொண்டாந்து நம்ம திண்ணையில வச்சிட்டுப் போப்பா" என்றார் அத்தை. 2019 மாசியில் அங்கேயே என் ஆரஞ்சு நிறக் கிளைவியா பூத்தபோது, தன்னுடைய மஞ்சள் கிளைவியாப் பூவின் மகரந்தத்தைத் தட்டி, விபூதிப் பொட்டலம் மாதிரி மடித்து என் கையில் வைத்தார். அதைத் தொட்டுத் தடவியதில் பிடித்த காய் பழுக்கப் பத்து மாதம் ஆனது. தோலை உரித்து, வழுவழுப்பை அலசிப் பார்த்தால் கொண்டைக்கடலை அளவில் முத்துப் போல ஏழு விதை. அதில் ஒன்றுதான் நீங்கள் பார்த்த செடி.

ஒத்தக்கடைப் பக்கம் நர்சரி வைத்திருக்கும் அண்ணனுக்கு நான் பட்ட கடன் பெரிது. அதற்கு முன் மூன்று செடியைச் செம்மண்ணும் சாணமும் போட்டு அழுக வைத்திருந்தேன். அவர்தான் தொட்டியைக் கவிழ்த்து, தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரி தடித்திருந்த வேரைக் காட்டி, "இதுக்குக் காத்து வேணும்" என்று தேங்காய்மட்டைத் துண்டு, அடுப்புக்கரி, செங்கல் ஜல்லி எல்லாம் கலந்து கொடுத்தார், காசு வாங்கவே இல்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தொட்டியோடு ஏறும்போதெல்லாம் முன்சீட்டுக்குக் கீழே இடம் ஒதுக்கிக் கொடுத்த கண்டக்டர் அண்ணன்களுக்கும், நான் ஊரில் இல்லாத நாட்களில் மண் காய்ந்த பிறகு மட்டும் அளந்து தண்ணீர் விட்ட எதிர்வீட்டு அக்காவுக்கும் நன்றி.

அப்புறம் எங்கள் தெரு வரலாற்று வாத்தியார். தொட்டிக்கு அட்டை எழுதித் தந்தவர் அவர். 1828இல் லிண்ட்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் இந்தப் பெயரை வைத்தது சார்லட் கிளைவ் என்ற சீமாட்டியை முன்னிட்டு, ராபர்ட் கிளைவின் பேத்தி அவர், அப்பா சென்னையில் கவர்னராக இருந்தபோது சின்ன வயதில் நம்ம பக்கம் இருந்தவர் என்று அதில் எழுதியிருந்தார். பூவைவிட அட்டை முன்னால் நின்றவர்கள் அதிகம், எனக்கு அது அவ்வளவு சந்தோஷம்.

மஞ்சள் வரவில்லையே என்று சிலர் கேட்டீர்கள். முதல் தலைமுறையில் ஆரஞ்சுதான் ஓங்கும், மஞ்சள் உள்ளே இருக்கும். இந்தத் தடவையும் அத்தையின் மஞ்சள் மகரந்தத்தையே தடவியிருக்கிறேன்; நாற்றின் அடி செந்நிறம் இல்லாமல் பச்சையாக இருந்தால் மஞ்சள் பூதான், பாதி நாற்றாவது அப்படி வரும் என்று நம்புகிறேன். பழம் மார்கழியில் பழுக்கும். முதல் பழம் அத்தைக்கு, அடுத்தது நர்சரி அண்ணனுக்கு, மிச்சம் கேட்டவர்களுக்கு.