டெல்டா கல்லூரிகளின் இயற்பியல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேராசிரியர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை என்று நம் பக்கத்தில் எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட் என்றால் பெரும்பாலும் நானோ துகள், மெல்லிய படலம்தான். கருவி இருக்கும் ஊருக்குச் சாம்பிளை அனுப்பிவிட்டு, ரிசல்ட் எப்போது வரும் என்று பிள்ளைகள் காத்துக் கிடக்கிறார்கள். வெறும் கணினியை வைத்தே செய்யக்கூடிய பெரிய வேலை ஒன்று இருக்கிறது. விண்ணிலிருந்து வரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் (எதையும் எளிதில் ஊடுருவிப்போகும், மின்னூட்டமில்லாத நுண்துகள்கள்) எங்கே பிறக்கின்றன என்று தேடுவது.

நியூட்ரினோ என்றதும் தேனி பொட்டிப்புரத்தில் மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகம் நினைவுக்கு வரும். இது வேறு, எந்த மலையையும் குடைய வேண்டாம். தென்துருவப் பனிக்கட்டியில் ஒரு கன கிலோமீட்டருக்குள் 5,160 ஒளி உணரிகளை இறக்கி வைத்திருக்கும் ஐஸ்கியூப் நியூட்ரினோ ஆய்வகம், 2008 முதல் 2018 வரையிலான தரவைப் பொதுவில் வைத்திருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள், வரிக்கு ஒரு நிகழ்வு. ஒவ்வொன்றிலும் நேரம், திசை, அந்தத் திசையில் இருக்கக்கூடிய பிழை, ஆற்றலின் மதிப்பீடு.

விண்ணிலிருந்து வரும் இன்னொரு வகைத் துகள்களான காஸ்மிக் கதிர்களுக்கு மின்னூட்டம் உண்டு, வழியில் காந்தப்புலங்கள் வளைத்துவிடும். நியூட்ரினோ நேராக வரும். 2017 செப்டம்பர் 22 அன்று சிக்கிய ஒன்று வந்த திசையில் தேடியபோதுதான் டி.எக்ஸ்.எஸ். 0506+056 என்ற பிளேசார் (நடுவிலுள்ள கருந்துளை நம்மை நோக்கித் துகள்களைப் பீய்ச்சும் விண்மீன் மண்டலம்) பிடிபட்டது. மார்கழி இரவில் வரப்பில் நின்று பார்த்தால், திருவாதிரைக்கு மேற்கே, அதே ஓரியன் விண்மீன் குழுவில் அது இருக்கிறது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

சரி, மாணவர் என்ன செய்வார்? அந்த வரிகளில் மிகப் பெரும்பாலானவை நம் காற்றுமண்டலத்தில் பிறந்தவை. முதலில், நியூட்ரினோவின் மூலமாக இருக்கலாம் என்று நினைக்கும் ஒரு விண்பொருளைச் சுற்றியுள்ள நிகழ்வுகளை எண்ண வேண்டும். அப்புறம் எல்லா நிகழ்வுகளின் வல ஏற்றத்தையும் (வானத்தில் கிழக்கு-மேற்கு இடத்தைச் சொல்லும் எண்) கலைத்துப்போட்டு மறுபடி எண்ண வேண்டும். துருவத்தில் இருக்கும் கருவி பூமியோடு சுழல்வதால், காற்றுமண்டலத்தில் பிறந்த அந்தப் பின்னணி, கிழக்கு-மேற்காகச் சீராகவே பரவியிருக்கும். அதனால்தான் இப்படிக் கலைப்பது செல்லும். ஆயிரம் தடவை கலைத்தும் அசல் எண்ணிக்கையைத் தொட முடியவில்லை என்றால் அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். பல இடங்களில் தேடியிருந்தால் எங்காவது தற்செயலாகக் கூடியிருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என்.ஜி.சி. 1068 விண்மீன் மண்டலத்துக்கு 2022-இல் ஐஸ்கியூப் குழு காட்டிய சான்றே சுமார் 79 நியூட்ரினோக்கள்தான். புள்ளியியலை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் பயிற்சி எனக்குத் தெரியாது.

ப்ராஜெக்ட் தலைப்புகள் முடிவாகும் கூட்டத்தில், துறைக்கு ஒரு மாணவருக்காவது இதைக் கொடுங்கள். தேடிய இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவர் எழுதி, கணக்கும் சரியாக இருந்தால் முழு மதிப்பெண் போடுங்கள். ஐஸ்கியூப்பும் பல ஆண்டுகள் அப்படித்தான் எழுதியது.

அன்புடன்,
இயற்பியல் படித்த ஒரு மன்னார்குடிக்காரர்