பேரன் என்ற சொல்லே குலப்பெயரான கதை

லிமெரிக், அயர்லாந்து

அன்புள்ள சுந்தரம் அவர்களுக்கு,

வணக்கம். மகன் வயிற்றுப் பேரனுக்கு உங்கள் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி மிகுந்த மகிழ்ச்சி தந்தது. பெயரன்தானே பேரன் ஆனான்! மகள் வீட்டில் நான் தங்கியிருக்கும் இவ்வூரில், கடைப் பலகைகளிலும் கல்லறைக் கற்களிலும் ஓ'பிரையன் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஐரிஷ் மொழியில் அந்த ‘ஓ’வுக்குப் பொருளே பேரன்தான் என்று அறிந்தபோது, உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன்.

பாட்டன் பிரையன் போரு. ஷானன் ஆற்றங்கரையில் கில்லலூவில் அரசிருந்து, சிறிய குலமொன்றின் தலைமையிலிருந்து அயர்லாந்தின் பேரரசனாக உயர்ந்தவன். 1014 ஏப்ரல் 23, புனித வெள்ளியன்று, டப்ளினை அடுத்த குளோண்டார்ஃபில் அவன் படை வென்ற அன்றே அவன் கொல்லப்பட்டான். 1086இல் இறந்த டர்லக், பிரையனுடைய மகனின் மகன். ஆகவே ‘பிரையனின் பேரன்’ என்பது அவனைப் பொறுத்தவரை உள்ள உறவைச் சொன்னதுதான். ஆனால் டர்லக்கின் மகன் மூர்கெர்டாக் கொள்ளுப்பேரனாக இருந்தும் அதே சொல்லால் அழைக்கப்பட்டான். உறவுமுறை குலப்பெயராக இறுகிய இடம் அதுவே என எனக்குத் தோன்றுகிறது. ஐரோப்பாவில் பெரும்பாலானோருக்குப் பரம்பரைப் பெயரே இல்லாத காலம் அது. பெண்களுக்கு இந்த ‘ஓ’ பொருந்தாது. குடும்பத்தில் பிறந்த மகளுக்கு ‘நீ’ என்றும், மணந்து வந்தவளுக்கு ‘ஈ’ என்றும் முன்னொட்டு மாறும்.

1543இல் குலத்தலைவர் மரோ, எட்டாம் ஹென்றிக்குப் பணிந்து தாமண்டின் பிரபு என்ற ஆங்கிலப் பட்டத்தை ஏற்றார். அடுத்த நூற்றாண்டுகளில் ஆங்கில ஆட்சி இறுக இறுக, ஐரிஷ் குடும்பங்கள் பலவும் ‘ஓ’வைக் கைவிட்டன. 1893இல் ஐரிஷ் மொழியை வளர்க்கக் கேலிக் சங்கம் தோன்றி மொழிப்பற்று கிளர்ந்த காலத்தில் பலர் அதைத் திரும்பச் சூடிக்கொண்டார்கள். இழந்த பாட்டனை மீட்டது போன்ற செயலல்லவா அது!

பெயர் கடல் கடந்ததற்குத் துயரமே பெரும்பாலும் காரணம். 1691இல் லிமெரிக் வீழ்ந்தபின் பிரான்சுக்குப் போன படைவீரர்களின் வழியில் வந்த சார்லஸ் ஓ'பிரையன், 1757இல் அந்நாட்டின் மார்ஷல் என்னும் உயர் படைத்தலைவர் ஆனார். ஆங்கில ஆட்சிக்கு எதிரான 1848 கிளர்ச்சிக்காக மரண தண்டனை பெற்ற வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன், தண்டனை குறைக்கப்பட்டு டாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் தொடங்கியதும் கப்பலேறிய எளிய ஓ'பிரையன்களே அப்பெயரை அமெரிக்காவெங்கும் பரப்பினார்கள். 1841இல் சுமார் 82 லட்சமாக இருந்த அயர்லாந்தின் மக்கள்தொகை, 1851இல் ஏறத்தாழ 65 லட்சமாகச் சுருங்கியிருந்தது. கிளேர் மாவட்டத்துக் கல்லறைகளின் நடுவே நின்றபோது, கல்லும் பெயரும் வாய்க்காமல் புதைந்தவர்களை எண்ணி மனம் கனத்தது.

ஆடி பிறப்பதற்குள் ஊர் திரும்பிவிடுவேன். சின்னச் சுந்தரத்தை நேரில் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
தங்கள் நண்பன்
நடராசன்