படத்தின் முடிவையும் காட்டுங்கள்: ஒரு தொலைக்காட்சி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தங்கள் தொலைக்காட்சியில் ‘முள்ளும் மலரும்’ படம் அதன் முடிவு வருவதற்கு முன்பே நிறுத்தப்பட்டது என்பது தங்களுக்குத் தெரிந்ததே. நிறுத்தியது தங்கள் அலுவலகம் என்பதால் அதை நான் விளக்க வேண்டியதில்லை. அப்படி நிறுத்தியதால் வேலூரில் ஒரு வீட்டுக் கூடத்தில் என்ன நடந்தது என்பது தங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதற்காகவே இம்மடல்.

நான் திரைப்பட விமர்சகன் அல்லன். கத்திரி வெயிலில் எங்கள் ஊரில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் கோட்டைப் பக்கம் தலைகாட்ட முடியாது என்பதால் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து பழகியவன். சென்ற வாரம் என்னோடு, குடியாத்தத்திலிருந்து வந்திருந்த, எண்பதைத் தாண்டிய என் பெரியம்மாவும், அந்தப் படத்தை முதன்முறையாகப் பார்க்கும் என் பேத்தியும் இருந்தார்கள்.

அந்தப் படத்தின் உயிர் அதன் கடைசிச் சில நிமிடங்களில் இருக்கிறது. தனக்குப் பிடிக்காத இன்ஜினீயருக்குத் தங்கையைக் கொடுக்க மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும், விஞ்ச் என்ற இழுவை வண்டியை இயக்கும் காளி, கையையும் இழந்து, வேலையையும் இழந்து, ஊரே தங்கையின் பக்கம் நிற்கும்போது தனியாக வந்து நிற்கிறான். கல்யாணத்துக்குப் புறப்பட்ட வள்ளி எல்லோரையும் விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடி வருகிறாள். தன்னைவிடத் தன் தங்கைக்கு யாரும் பெரிதில்லை என்று ஊரறியத் தெரிந்த பிறகுதான், காளி தானாகவே மனம் இறங்கி அவளை அந்த இன்ஜினீயரிடம் ஒப்படைக்கிறான். அப்போதும் விட்டுக்கொடுக்காமல், இன்னமும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியும் விடுகிறான். 1978இல் வந்த படத்தை இன்றும் நாங்கள் பேசிக்கொண்டிருப்பது அந்த ஒரு திருப்பத்துக்காகத்தான்.

தாங்கள் வள்ளி ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டதோடு படத்தை நிறுத்திவிட்டு, அடுத்த நிகழ்ச்சியின் தலைப்பிசையைப் போட்டுவிட்டீர்கள். “அப்ப அவங்களுக்குக் கல்யாணமே நடக்கலையா, தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். அண்ணன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு ஒரு பெண் தன் கல்யாணத்தை உதறிவிட்டு வருவதுதான் படத்தின் நியாயம் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது; தாங்கள் காட்டிய படத்தின் பொருள் அதுதான். மகேந்திரன் எடுத்த படத்துக்கு நேர் எதிரான ஒரு படத்தை, அவர் பெயரையே போட்டு ஒளிபரப்பியிருக்கிறீர்கள். எனவே முதலிலேயே கேட்டுவிடுகிறேன்: ஒரு படத்தை ஒளிபரப்பினால் அதன் முடிவையும் சேர்த்து ஒளிபரப்புங்கள்.

தங்கள் வாடிக்கையாளர் எண்ணில் பேசிய இளைஞர் மரியாதையாகவே பதில் சொன்னார். நேரம் போதவில்லை என்றும், முழுப் படமும் இணையத்தில் கிடைக்கும் என்றும் சொன்னார். பெரியம்மாவிடம் இருப்பது பேச மட்டுமே பயன்படும் பட்டன் கைப்பேசி என்பதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. ஆனால் நேரம் போதவில்லை என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. கேபிள் தொலைக்காட்சி விதிகள் மணிக்கு 12 நிமிடம் என்று விளம்பரத்துக்கு வரம்பு வகுத்திருக்கின்றன; அதில் வணிக விளம்பரம் 10 நிமிடம், தங்கள் சொந்த நிகழ்ச்சிகளுக்கான விளம்பரம் 2 நிமிடம். தாங்கள் அந்தப் படத்துக்கு ஒதுக்கியது மூன்று மணி நேரம். விளம்பரத்துக்கு 36 நிமிடம் போனாலும் 144 நிமிடம் மிஞ்சுகிறது. அந்தப் படம் அதற்குள் அடங்கும். பிறகு முடிவு எங்கே போயிற்று என்பதைத் தங்கள் விளம்பரப் பிரிவிடம்தான் கேட்க வேண்டும். அதுவும் நாங்கள் மாதக் கட்டணம் கட்டிப் பார்க்கும் சேனலில்!

இது ஒரு படத்தோடு நிற்கவில்லை. ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியின் நடுவே ஒருமுறை பற்பசை விளம்பரம் போட்டீர்கள். பாலையாவின் முகத்தில் பயம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதுதான் அங்கே நகைச்சுவை. திரும்பி வரும்போது அவர் முழுதாகப் பயந்து முடித்திருந்தார், எங்களுக்குச் சிரிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அதே தங்கள் தொடர்களில், ஒரு கன்னத்தில் விழும் ஓர் அறையை மூன்று கோணங்களில் மூன்று முறை காட்டவும், அங்கே நிற்கும் அத்தனை பேர் முகத்தையும் இடியோசையோடு நெருங்கிப் பார்க்கவும் தாராளமாக நேரம் இருக்கிறது. மறுநாள் அந்த அறையை முன்கதைச் சுருக்கமாக இன்னொரு முறை வாங்க வேண்டும். தொண்ணூறுகளில் நாகா இயக்கி இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ தொடரின் கதைகள், யார் செய்தது என்ற கேள்விக்கு விடை சொல்லிவிட்டு முடிந்தன. முடிவு என்று ஒன்று இருப்பதே இப்போது தங்கள் அலுவலகத்தில் மறந்துபோயிற்றோ என்னவோ. முடிய வேண்டிய தொடர் முடிவதில்லை, முடிவுள்ள படத்தை முடிய விடுவதில்லை.

கோபம் சற்று மிகுந்துவிட்டது போலும், பொறுத்தருள்க. கேட்பது இதுதான். படத்தை அதன் முடிவோடு காட்டுங்கள். நேரம் பற்றாது என்று தெரிந்தால் விளம்பரத்தைக் குறையுங்கள், அல்லது அந்தப் படத்தை எடுக்காமல் விடுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், வெட்டப்பட்டது என்று தொடக்கத்திலேயே எழுதிக் காட்டுங்கள். ‘முள்ளும் மலரும்’ படத்தை மற்றொரு ஞாயிற்றுக்கிழமை முழுமையாக மறுஒளிபரப்புச் செய்யும்படித் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன் நாளையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்னதாகவே திரையின் அடியில் ஓடவிட்டால், குடியாத்தத்திலும் பார்த்துக்கொள்வார்கள். தங்கள் நிகழ்ச்சி விளம்பரங்கள் ஓய்வின்றி ஓடும் இடம்தான் அது. இரண்டு வரிக்கு அங்கே இடமில்லை என்று சொல்ல மாட்டீர்கள் என நம்புகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் சேனலின் கட்டணம் செலுத்தும் பார்வையாளன்,
வேலூர்