ஓக் மரமா, தேசிக்காய் மரமா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமாங்கத்துத் தீர்த்தம் முடிந்து, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த சொந்தங்கள் திரும்பிப் போன கையோடு எங்கள் கன்றுக் கடைக்கு ஒரு கேள்வி வரும்: "ஓக் மரக் கன்று எடுத்துத் தர ஏலுமா?" போனில் படமும் இருக்கும். மகள் வீட்டுப் பின்வளவில் அகலக் கிளை விரித்து நிற்கும் மரம், அதன் கீழே ஒரு வாங்கு. கேட்டவரே போகிற போக்கில் தேசிக்கன்று என்ன விலை என்றும் விசாரிப்பார். வளவில் ஒரு மரத்துக்குத்தான் இடம், எதை வைப்பது என்று மனம் இரண்டுபட்டு நிற்கிறது. கடை வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்வதை இந்த மடலில் எழுதிவிடுகிறோம்.

ஓக் கன்று நாங்கள் எடுப்பதில்லை. இனியும் எடுக்க மாட்டோம்.

படத்தில் நீங்கள் பார்ப்பது குளிர்நாட்டு மரம். அது குளிர்காலத்தில் இலையைக் கொட்டிவிட்டு மாதக்கணக்கில் உறங்கும். அந்தக் குளிர் போதிய அளவு கிடைத்தால்தான் அடுத்த தளிர் ஒழுங்காக வரும். மார்கழி வாடையில் நாம் போர்வை தேடுகிறோம் என்பது உண்மைதான், ஆனால் அந்த மரத்துக்கு அது ஒரு குளிரே இல்லை. இலங்கைக் காடுகளில் ஓக் இனம் எதுவும் இயற்கையாக இல்லை. நட்டு வளர்த்ததைப் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியாப் பக்கம் ஹக்கலைப் பூங்காவுக்குப் போக வேண்டும். அது 5,000 அடிக்கு மேலே இருக்கிறது; நாமோ கடல் மட்டத்தில் இருக்கிறோம். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் வெப்பநாட்டு ஓக் உண்டே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். உண்டு. அவை பெரும்பாலும் ஈரம் குறையாத மலைக்காட்டு மரங்கள், கச்சான் காற்றில் மாதக்கணக்காய்க் காயும் எங்கள் மணலுக்கு உரியவை அல்ல.

இடக் கணக்கையும் பாருங்கள். இங்கிலாந்து ஓக் நன்றாக வளர்ந்தால் கிளை விரிவு 65 அடி வரை போகும். அந்த நிழல் விழும் வட்டம் மட்டுமே ஏறத்தாழ 12 பேர்ச். கல்லடியிலோ காத்தான்குடியிலோ 10 பேர்ச் காணியில் வீடு, கிணறு, மலசலகூடம் எல்லாம் கட்டியிருக்கும் ஒருவருக்கு அந்த மரத்தை எங்கே நடச் சொல்வது? விதையிலிருந்து வளர்ந்த ஓக் முதல் காய் காய்க்க ஏறக்குறைய 40 வருஷம் ஆகும். நூற்றுக்கணக்கான வருஷம் வாழும் மரத்துக்கு அவசரம் கிடையாது.

சிலர் விதையைச் சூட்கேசுக்குள் போட்டுக் கொண்டுவந்து முளைக்க வைத்துத் தரச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஓக் விதை நெல் போலக் காயவைத்துச் சேமிக்கக்கூடியது அல்ல, ஈரம் போனால் செத்துவிடும். அதைவிட முக்கியம், 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வெளிநாட்டு விதையோ கன்றோ அனுமதியில்லாமல் கொண்டுவர முடியாது. இந்தியாவிலிருந்து தோடைக் கொப்பு கொண்டுவரும் ஆட்களுக்கும் இதையே சொல்கிறோம். ஒரு கொப்பில் வரும் நோய் ஊரிலுள்ள தோடை, தேசி எல்லாவற்றுக்கும் போகும்.

ஓக் என்ற பெயரில் வேறு கன்றுகளும் விலைப்படுகின்றன, கவனம். சில்வர் ஓக் என்பது தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நடும் அவுஸ்திரேலிய மரம். இலை பன்னம் போல வெட்டுண்டு இருக்கும், அடிப்பக்கம் வெள்ளி நிறம். பலத்த காற்றுக்குக் கொப்பு முறியும். சிலோன் ஓக் என்பது சிங்களத்தில் கோன் என்று சொல்லும் எங்கள் நாட்டு மரம். நல்ல மரம், புளிப்பான பழமும் தரும், ஆனால் அதுவும் ஓக் அல்ல. றம்புட்டான் குடும்பத்தைச் சேர்ந்தது. ஓக் விலை கொடுத்து இவற்றை வாங்காதீர்கள்.

சரி, தேசிக்கு வருவோம்.

10 முதல் 15 அடிக்குள் அடங்கும் மரம். மதிலிலிருந்து 8 அடி தள்ளி வைத்தால் போதும். சொதியை இறக்கிவைத்துப் புளி விட, சம்பலுக்கு, மோருக்கு, புது ஓட்டோவின் சில்லுக்கு அடியில் வைக்க என்று வீட்டில் தேசிக்காய் தேவைப்படாத கிழமை இல்லை. நோன்பு காலத்தில் சந்தையில் அதன் விலை எங்கே போகிறது என்பது கல்முனை, காத்தான்குடி ஆட்களுக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒட்டுக்கன்று இரண்டு, மூன்று வருஷத்தில் காய்க்கும். விதைக்கன்றுக்கு நான்கு முதல் ஆறு வருஷம் ஆகலாம். ஆனால் தேசி விதையில் பெரும்பாலும் தாய்மரத்தின் குணமே அப்படியே வரும், மாங்கொட்டையைப் போல ஏமாற்றாது. அதனால் பொறுமை உள்ளவர்களுக்கு மலிவான விதைக்கன்றே போதும் என்பது எங்கள் எண்ணம். ஒட்டுக்கன்று வாங்கினால் ஒட்டு நிலத்துக்கு மேலே அரை அடியாவது நிற்கட்டும். ஒட்டுக்குக் கீழே முள்ளும் வேகமுமாய் ஒரு தளிர் கிளம்பினால் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அது மேல்மரத்தை அமுக்கிவிடும்.

வாவிக்குக் கிழக்கே கடற்பக்கம் உள்ள எழுவான்கரை மணலில் இரண்டடிக் குழி வெட்டி, தும்புத்தூளும் உக்கிய மாட்டெருவும் கலந்து நிரப்புங்கள். வெறும் மணலில் ஊற்றும் தண்ணீர் வேரில் நிற்காது. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் களிமண்ணில் கதை நேர்மாறு. அங்கே ஓரடி மேடு போட்டு அதன் மேல் நட வேண்டும், மாரி வெள்ளம் அடிமரத்தைச் சுற்றி நின்றால் வேர் அழுகும். நடுவதற்கு நல்ல காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும். தென்னைக்கும் மாமரத்துக்கும் கீழே வைத்துவிட்டு ஏன் காய்க்கவில்லை என்று கேட்காதீர்கள். ஒரு நாளில் ஆறு மணித்தியால வெயிலாவது வேண்டும். உணவு எடுக்கும் வேர் மேல்மண்ணிலேயே ஓடுவதால் அடியில் மண்வெட்டி போட வேண்டாம். சருகு மூடுங்கள், தண்டில் படாமல்.

புழுவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறீர்கள். தேசி இலையில் காகம் எச்சமிட்டது போல ஒன்று ஒட்டியிருந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள், அது அசையும். வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு. வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் செம்மஞ்சள் நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி ஒரு புளித்த நாற்றம் விடும், பயப்பட ஒன்றுமில்லை. ஓரடிக் கன்றில் நாலைந்து புழு இருந்தால் மொட்டையாக்கிவிடும், கையால் எடுத்துப் போடுங்கள். வளர்ந்த மரத்தில் இருந்தால் விட்டுவிடலாம், பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சி பார்க்கட்டும். இளந்தளிரில் வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து ஓடினால் அது இலையைக் குடையும் பூச்சி. யூரியாவை அள்ளிப் போட்டுத் தளிரைத் தள்ள வைத்தால் இரண்டும் கூடும்.

இலையிலும் காயிலும் சொரசொரவென்ற பழுப்புப் புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம் கண்டால் அது வேறு விஷயம், சொறிநோய். மழைச்சாரலிலும் காற்றிலும் பரவும். காய்ந்த நாளில் அந்தக் கொப்பை வெட்டி எரியுங்கள். மழைக்குள் கத்தி வைக்க வேண்டாம்.

தேசியை நாங்களே வேண்டாம் என்று சொல்லும் வளவும் உண்டு. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஆவணி மாதத்தில் உவர்க்கும் கிணற்றை நம்பித் தேசி வைக்க முடியாது. இலை நுனியிலிருந்து கருகி உதிரும். எரு போட்டாலும் மருந்து அடித்தாலும் சரிவராது. அந்த வளவுக்குத் தென்னையோ பூவரசோ வாங்குங்கள்.

அப்புறம் அந்த வாங்கு. ஓக் கேட்கும் பலருக்கு உண்மையில் வேண்டியது நிழல். தேசி நிழல் தராது, முள்ளும் குத்தும். நிழலுக்குக் கடலோரத்தில் புன்னை, படுவான்கரையில் நீர் ஓடும் ஓரத்தில் மருது, மற்ற இடத்தில் வேம்பு. எதை நட்டாலும் வீட்டிலிருந்து 25 அடியாவது தள்ளுங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியைக் கண்டவர்கள் உங்கள் வீட்டிலேயே இருப்பார்கள், கூரைக்குப் பக்கத்தில் பெரிய மரம் வைக்கலாமா என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

புதுத் தேசிக்கன்றுகள் புரட்டாசி நடுவில் வந்துவிடும். வாங்க வரும்போது கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவாருங்கள். உப்பு அளக்கும் கருவி கடையில் இருக்கிறது, அதற்குக் காசு எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை நண்பகல் 12 முதல் 2 மணி வரை கடை பூட்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் கன்றுக் கடையார்,
மட்டக்களப்பு