தபால் வாக்காளர் பட்டியலில் ஒரு வரி: 222 ஒய்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு மலேசிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்களில் யார் டத்தோ, யார் டத்தோஸ்ரீ, யார் டான்ஸ்ரீ என்று பார்த்து எழுதினால் விளிப்புக்கே ஒரு பக்கம் போய்விடும். எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாரையும் ஒய்பி (யாங் பெர்ஹோர்மாட், அதாவது மாண்புமிகு) என்றே அழைக்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம். விசாரணைக் கைதிகளின் ஓட்டைப் பற்றி எழுதுகிறேன்.

போன மாதம் சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மேடையில் ஒரு பிரமுகர். பெயர் வேண்டாம், இந்தக் கடிதம் அவரைப் பற்றியது இல்லை. "நம்ம பையன்களுக்கு ஓட்டுப் போடுற பொறுப்பே கிடையாது. பதினெட்டு வயசுல உரிமை வாங்கிக் கொடுத்தா, தேர்தல் அன்னிக்கு வீட்ல படுத்துத் தூங்குறானுங்க" என்றார். நல்ல கைத்தட்டல். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அக்கா எழுந்தார். மடியில் இருந்த மீகூன் பொட்டலத்தை நாற்காலியிலேயே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பிரமுகர் சொன்னதில் பாதி சரி. 2022 நவம்பர் 19ஆம் தேதி அக்காவின் மகன் படுத்துத்தான் இருந்தான். வீட்டில் இல்லை, சிறையில், சிமெண்டுத் தரையில்.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு அப்போது 19 வயது. செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் கெலிண்டன் (ஓட்டுநரின் உதவியாள்) வேலை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஒருநாள் லோரியை மடக்கினார்கள். ஏற்றியிருந்த குலைகள் திருட்டுக் குலைகள் என்று வழக்கு. லோரி ஓட்டியவருக்கும் அவனுக்கும் ஒரே குற்றச்சாட்டு, ஒரே நாள், ஒரே நீதிமன்றம். ஆளுக்கு நாலாயிரம் வெள்ளி (ரிங்கிட்) ஜாமீன். ஓட்டுநருக்கு முதலாளி கட்டினார், அவர் அன்று மாலையே வீட்டுக்குப் போய்விட்டார். கெலிண்டனுக்கு யார் கட்டுவது? அக்கா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். அந்த ஆண்டு மே மாதம்தான் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனது. இபிஎஃப் (சேமநிதி) பிடித்தம் போக அதிலும் குறைவுதான் கைக்கு வரும். அதில் வீட்டு வாடகை, இளையவளின் பள்ளி பஸ், மளிகைக் கடன். நானோ ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்). என் கையில் இருந்ததைச் சேர்த்தும் பாதி தேறவில்லை. அவன் ஏழு மாதம் உள்ளே இருந்தான். அடுத்த மார்ச்சில் அரசுத் தரப்பே அவன் மீதிருந்த வழக்கை மீட்டுக்கொண்டது. குற்றம் செய்தான் என்று எந்த நீதிபதியும் ஒரு நாளும் சொல்லவில்லை.

அந்த ஏழு மாதத்துக்கு நடுவில்தான் 15ஆவது பொதுத்தேர்தல் வந்தது.

அன்று காலை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள். முந்தின இரவே என் கைப்பேசியில் வாக்காளர் விவரத்தைப் பார்த்து, நாள்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அக்கா பெயர், பள்ளி, சாலுரான் (வாக்களிப்புப் பிரிவு) 2, வரிசை எண். எழுதி முடித்ததும் அக்கா, "அவனுக்கும் பாரு" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, பார்த்தேன். பெயர் இருந்தது. ஐசி (அடையாள அட்டை) எண் சரி, அதே பள்ளி, சாலுரான் 6. 'வாக்களிக்கத் தகுதியுள்ளவர்' என்று அரசாங்கமே சொல்லியது. அதையும் அதே தாளில் கீழே எழுதினேன்.

பள்ளியில் அக்கா ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார், விரலில் மை. நேராக வாசலுக்கு வரவில்லை. சாலுரான் 6 வரிசைக்கு எதிரே, சுவரோரம் போய் நின்றுகொண்டார். வயதுப்படிதானே சாலுரான் பிரிக்கிறார்கள், கடைசி சாலுரானில் எல்லாம் சின்னப் பிள்ளைகள். அவனோடு தமிழ்ப்பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தி ஓடிவந்து, "ஆன்ட்டி, அவன் எங்க, இன்னும் வரலையா?" என்று கேட்டாள். அக்கா, "ஜொகூர்ல வேலைம்மா, லீவு கிடைக்கல" என்றார். அந்தத் தாளை நாலாக மடித்துக் கையிலேயே வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து லோரி ஓட்டுநரும் ஓட்டுப் போட்டுவிட்டு எங்களைக் கடந்து போனார். தலையைக் குனிந்துகொண்டு, மை விரலைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரே லோரி, ஒரே வழக்கு. ஒருவருக்கு ஓட்டு உண்டு, இன்னொருவனுக்கு இல்லை. வித்தியாசம் நாலாயிரம் வெள்ளி. சொத்து உள்ளவனுக்கு மட்டுமே ஓட்டு என்று பல நாடுகளில் ஒரு காலம் இருந்ததாகப் படித்திருக்கிறேன். அது மலையேறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒய்பி அவர்களே, சட்டம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூட்டரசு அரசியலமைப்பின் 119ஆவது பிரிவு யாருக்கு ஓட்டு இல்லை என்று சொல்கிறது: மனநலக் குறைவால் தடுத்து வைக்கப்பட்டவர், சிறைத்தண்டனை அனுபவித்துக்கொண்டிருப்பவர், 12 மாதத்துக்கு மேல் தண்டனை பெற்று அது இன்னும் பாக்கி இருப்பவர். விசாரணைக் கைதி அந்தப் பட்டியலில் இல்லை. நான் மலாயிலும் படித்தேன், ஆங்கிலத்திலும் படித்தேன், இல்லை. இந்தியாவில் 1951ஆம் ஆண்டுச் சட்டம் விசாரணைக் கைதிக்கும் ஓட்டு இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் அவ்வளவு தூரம் போகவில்லை. அவர்கள் கொடுத்துவிட்டுப் போன உரிமையைத்தான் நாம் கொண்டுபோய்ச் சேர்க்காமல் வைத்திருக்கிறோம். மருமகன் இருந்த சிறைக்கு ஓட்டுப்பெட்டியும் வரவில்லை, தபால் சீட்டும் வரவில்லை.

தேர்தலுக்கு முன்பே நான் விசாரித்தேன். ஓர் அலுவலகத்தில் தொலைபேசியை எடுத்தவர், "கைதிக்கெல்லாம் ஓட்டுக் கிடையாது அங்கிள்" என்றார். அவன் தண்டனைக் கைதி இல்லை, விசாரணைக் கைதி என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். மரியாதையாகத்தான் பேசினார், பாவம். தப்பு அந்தப் பிள்ளை மீது இல்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. தேர்தல் ஆணையம் அரசிதழில் அறிவிக்கும் தபால் வாக்காளர் பிரிவுகளில் விசாரணைக் கைதிகளையும் சேர்க்க வேண்டும். ஒரு வரி. அதற்கு அரசியலமைப்பைத் திருத்த வேண்டாம், மூன்றில் இரண்டு பங்கும் தேவையில்லை. சிறைத்துறை ஊழியர்கள் ஏற்கெனவே தபால் ஓட்டுக்கு விண்ணப்பிக்கலாம். நியாயம்தான், வேலையை விட்டுவிட்டு அவர்கள் எப்படி ஊருக்குப் போவார்கள்? ஆனால் யோசித்துப் பாருங்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தபால் ஓட்டு உண்டு. அந்தப் பக்கம் இருப்பவன் பெயரும் அதே நாட்டு வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. உறை மட்டும் கம்பியைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

அது ஆணையத்தின் வேலை, எங்கள் வேலை இல்லை என்று சிலர் சொல்வீர்கள். சரி. ஆனால் 2019 ஜூலை 16ஆம் தேதி வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியபோது, மக்களவையில் 211 பேர் ஆதரவாகக் கை தூக்கினீர்கள், எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அப்படி மனம் வைத்தால் என்னவெல்லாம் நடக்கும் என்று அன்றே பார்த்துவிட்டோம். அந்தத் திருத்தத்தால்தான் என் மருமகன் 19 வயதில் வாக்காளன் ஆனான். கொடுத்தவர்களிடம்தான் கேட்க முடியும்.

நடைமுறைச் சிக்கல் என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அதே தேர்தலில் சரவாக்கின் பாரம் தொகுதியில் மழையால் சில இடங்களில் வாக்களிப்பு நின்றபோது, இரண்டு நாள் கழித்து நடத்திக் கொடுத்தார்கள். உள்காட்டு நீண்ட வீடுகளுக்கு ஹெலிகாப்டரில் பெட்டி போகிறது. லண்டனில் இருக்கும் மலேசியருக்கு ஓட்டுச்சீட்டு கடல் கடந்து போய்த் திரும்புகிறது. இங்கிருந்து ஒரு மணி நேர தூரத்தில் இருக்கும் சிறைக்கு ஒரு வேன் போகாதா? அதுவும் உள்ளே இருப்பவர்கள் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. நாள்தோறும் தலை எண்ணும் இடத்தில் வாக்காளரைத் தேடும் வேலையும் இல்லை. பிலிப்பீன்ஸில் 2010 முதல் விசாரணைக் கைதிகள் உள்ளிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள். இந்தோனேசியாவில் சிறைக்குள்ளேயே வாக்குச்சாவடி வைக்கிறார்கள், தண்டனைக் கைதிகளுக்கும் சேர்த்து. எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் இந்தோனேசிய லொம்போக் தீவுத் தம்பி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "இங்கே இல்லையா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2008 மார்ச்சில் இந்தியர் உரிமை இயக்கமான ஹிண்ட்ராப்பின் தலைவர்களில் ஒருவரான எம். மனோகரன், கமுந்திங் தடுப்பு முகாமில் இருந்தபடியே கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் நின்று வென்றார். அடைபட்டிருப்பவர் மக்கள் பிரதிநிதி ஆகலாம், அதற்கு வழி இருந்தது. அடைபட்டிருப்பவர் மக்களில் ஒருவராக இருப்பதற்குத்தான் வழி இல்லை. அப்புறம், முன்னாள் பிரதமர் நஜிப் 2020 ஜூலையில் குற்றவாளி என்று தீர்ப்பாகியும், மேல்முறையீடு முடியும்வரை, அதாவது 2022 ஆகஸ்ட் வரை வெளியே இருந்தார். மலாக்காவிலும் ஜொகூரிலும் பிரச்சாரத்துக்கே போனார். சட்டப்படி அது அவர் உரிமை. நான் குறை சொல்லவில்லை. தீர்ப்பு வந்தவருக்கே அவ்வளவு இடம் இருக்கும்போது, தீர்ப்பே வராத கெலிண்டனுக்கு ஓர் உறை கூடாதா என்று மட்டும் கேட்கிறேன்.

சோஸ்மா வழக்கில் உள்ளே இருக்கும் பையன்களைப் பற்றியும் நீங்கள் அறிவீர்கள். 2012ஆம் ஆண்டுப் பாதுகாப்புக் குற்றங்கள் சட்டம் அது. அதில் பெரும்பாலும் ஜாமீனே கிடையாது, காசு இருந்தாலும் பயன் இல்லை. வழக்கு முடியும்வரை உள்ளேதான். எத்தனை அம்மாக்கள் உங்கள் நாடாளுமன்ற வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள்! தேர்தல் நேரத்தில் எங்கள் லயத்துக்கு அரிசி மூட்டையோடு வருகிறவர்கள், ஒரு வீட்டில் எத்தனை ஓட்டு என்று கணக்காகக் கேட்கிறார்கள். நாலு என்று சொன்னால் நாலு பேருக்குக் கும்பிடு. மூணுதான், ஒருத்தன் உள்ளே இருக்கிறான் என்றால் அடுத்த வீட்டுக்கு நடை. தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது வராதவர்கள், வீட்டுக்கு முன்னால் சாக்கடை நிரம்பி வழிந்தபோது வராதவர்கள்... மன்னிக்கவும். கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். சாக்கடைக்கு வேறு கடிதம் எழுதிக்கொள்கிறேன்.

தண்டனை பெற்றவர்களுக்கும் ஓட்டு வேண்டுமா என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு செய்தவன் கொஞ்ச நாள் வாயை மூடிக்கொண்டு இருக்கட்டுமே என்று. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2019 ஜனவரியில் உள்ளே போய் 2022 அக்டோபரில் வெளியே வந்தவர் ஒரு பொதுத்தேர்தலையும் இழக்கவில்லை. 2022 நவம்பரில் அபராதம் கட்ட வழியில்லாமல் ஒரு மாதம் உள்ளே போனவர் இழந்துவிட்டார். இது குற்றத்துக்குத் தண்டனையா, நாள்காட்டி பார்த்துக் கொடுக்கும் தண்டனையா? தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 1999இலேயே கைதிகளுக்கு ஓட்டுப் போட வழி செய்யச் சொல்லிவிட்டது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 2002இல். அதற்கெல்லாம் இங்கே அரசியலமைப்பைத் திருத்த வேண்டும், நீண்ட விவாதம் வேண்டும். விவாதியுங்கள், நானும் கேட்டுக் கற்றுக்கொள்கிறேன். ஆனால் விசாரணைக் கைதிக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவனுக்கு உரிமை ஏற்கெனவே இருக்கிறது. உறையை மட்டும் கொடுங்கள்.

அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் வந்தாக வேண்டும். அதற்கு முன் மாநிலத் தேர்தல்கள், இடைத்தேர்தல்கள். எனவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் யாராவது ஒருவர் எழுந்து, விசாரணைக் கைதிகளைத் தபால் வாக்காளர்களாக எப்போது அறிவிக்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள். எந்தக் கட்சி என்பது முக்கியம் இல்லை.

மருமகன் இப்போது லோரி லைசென்ஸ் எடுத்துவிட்டான். அடுத்த தேர்தலுக்கு அவனே நடந்து போய்ப் போட்டுவிடுவான். அவன் படுத்திருந்த இடத்தில் இப்போது வேறு ஒரு வீட்டுப் பையன் படுத்திருப்பான். அந்த வீட்டிலும் யாராவது நாள்காட்டித் தாளில் இரண்டு பெயர் எழுதுவார்கள்.

பதில் எழுதுவதாக இருந்தால் மலாயில் எழுதினாலும் சரி. அக்காவுக்கு நான் படித்துச் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணிவுடன்,
ஒரு முன்னாள் தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்