தொழில்நுட்ப நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களுக்கு ஒரு சிறு பங்குதாரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர்களே,

உங்கள் நிறுவனங்களில் என் பங்கு மிகச் சிறியது. பொதுக்கூட்டத்தில் நான் போடும் வாக்கு எந்தத் தீர்மானத்தையும் அசைக்காது. ஆனாலும் மாதாமாதம் சம்பளத்திலிருந்து எடுத்து வைத்த பணம் அது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

2025 ஜூன் 5 அன்று எலான் மஸ்க்கும் அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் சமூக வலைத்தளத்தில் வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். ஒரே நாளில் மஸ்க் தலைமையிலான மின்கார் நிறுவனம் டெஸ்லாவின் பங்கு 14 சதவீதம் சரிந்தது. சந்தை மதிப்பில் சுமார் 15,000 கோடி டாலர் போனது. மஸ்க்கின் நிறுவனங்களுக்கான அரசு ஒப்பந்தங்களையும் மானியங்களையும் நிறுத்தலாம் என்று டிரம்ப் எழுதியிருந்தார். இது வெறும் வாய்ச்சண்டையா, வருமானத்தில் கை வைக்குமா? பங்கை வைத்திருந்தவர்களுக்கு அன்று தேவைப்பட்டது இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். அந்தப் பதிலைத் தரக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

அந்தப் பங்குதாரர்களின் நிலையில் நானும் நின்றிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் பங்கு வைத்திருந்த ஒரு நிறுவனம் அரசியல் சர்ச்சையில் மாட்டியது. கைபேசித் திரை முழுக்கச் சிவப்பு. அன்று இரவு அந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்து ‘அரசு’ என்ற சொல்லைத் தேடினேன். பக்கத்துக்குப் பக்கம் வந்தது. ‘அரசியல் சூழல் மாறினால் எங்கள் தொழில் பாதிக்கப்படலாம்’ என்கிற மாதிரி வரிகள். எவ்வளவு பாதிக்கும், எந்த நாட்டில், எந்தப் பிரிவில் என்று ஓர் எண் கூட இல்லை. மறுநாள் காலையில் விற்றுவிட்டேன். அடுத்த காலாண்டு முடிவு வந்தபோது, அந்தச் சர்ச்சை விற்பனையைத் தொடவே இல்லை என்று தெரிந்தது. நஷ்டம் எனக்கு மட்டும்தான்.

சர்ச்சை எல்லாமே வெறும் கூச்சல் என்று ஒதுக்கவும் முடியாது. 2018 மார்ச்சில், ஃபேஸ்புக் பயனர்களின் தகவல்கள் அவர்கள் அனுமதியின்றி கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குப் போன விவகாரம் வெளியானதும் முதல் வர்த்தக நாளில் ஃபேஸ்புக் பங்கு ஏறக்குறைய 7 சதவீதம் விழுந்தது. இரண்டே மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அப்புறம் ஜூலை 26 அன்று 19 சதவீதம் இறங்கியது. வருமான வளர்ச்சி குறையும், பாதுகாப்புக்கான செலவு கூடும் என்று நிறுவனமே சொன்ன மறுநாள் அது. தலைப்புச் செய்தியை விடக் கணக்குப் புத்தகம்தான் பெரிய அடியைக் கொடுத்தது. என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் புத்தகம் கடைசியில்தான் கிடைக்கிறது.

சரி, முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். 2025 ஏப்ரல் 9 அன்று, எச்20 என்ற செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளைச் சீனாவுக்கு அனுப்ப இனி உரிமம் வேண்டும் என்று அமெரிக்க அரசு, அவற்றை விற்கும் என்விடியா நிறுவனத்திடம் சொன்னது. 15-ஆம் தேதியே நிறுவனம் அதை வெளியிட்டு, 550 கோடி டாலர் வரை இழப்பாகக் கணக்கில் எழுத வேண்டியிருக்கும் என்றும் சொன்னது. மறுநாள் பங்கு சுமார் 7 சதவீதம் இறங்கியது. வலிதான். ஆனால் வலியின் அளவு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது.

உங்கள் தலைமை அதிகாரிகள் அரசியல் பேசக் கூடாது என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் உரிமை. ஆண்டறிக்கையில் ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அரசு ஒப்பந்தம், மானியம், ஏற்றுமதி உரிமம் ஆகிய ஒவ்வொன்றையும் நம்பி வருமானத்தில் எத்தனை சதவீதம் நிற்கிறது என்று எழுதுங்கள். எந்த நாட்டு அரசு கதவை மூடினால் எவ்வளவு போகும் என்பதும் அதில் இருக்கட்டும். சர்ச்சை வெடித்தால் அந்த எண்களில் எது மாறியது, எது மாறவில்லை என்று இரண்டு நாளுக்குள் அறிவியுங்கள். போட்டியாளர்கள் பார்த்துவிடுவார்கள் என்று தயங்க வேண்டாம். பெரிய நிதி நிறுவனங்கள் ஆள் வைத்து இதையெல்லாம் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன. தெரியாமல் விற்பது நாங்கள்தான்.

அடுத்த ஆண்டறிக்கை வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் தேடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் சிறு பங்குதாரர்களில் ஒருவர்